கஷ்டப்பட்டால்தான் அந்தரங்கமா?

பாதுகாப்பான மின்னஞ்சல் சேவை எது என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு முன்னால் பெரும்பாலும் ஓர் எச்சரிக்கை வரும்: "முதலில் வசதி வேண்டுமா, தனியுரிமை வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்காது." கேட்டவர் கொஞ்சம் தயங்கினால், "கஷ்டப்படத் தயாராக இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது" என்று பேச்சு முடிந்துவிடும். தொழில்நுட்பப் பத்திகளிலும் யூடியூப் விளக்கங்களிலும் அலுவலகக் கணினிப் பிரிவினரின் பேச்சிலும் இதே தராசுதான். ஒரு தட்டில் அந்தரங்கம், மறு தட்டில் எளிமை. ஒன்று ஏறினால் மற்றது இறங்கியாக வேண்டும்.

இதை நம்புவோர் நிபுணர்கள் மட்டும் அல்லர். "எனக்கு இதெல்லாம் புரியாது, என் மெயிலைப் படித்து யாருக்கு என்ன லாபம்?" என்று சொல்லிவிட்டு இருக்கிற கணக்கிலேயே நின்றுவிடுபவரும் அதே கணக்கைத்தான் போடுகிறார். முன்னவர் கஷ்டத்தைத் தகுதியாக்குகிறார். பின்னவர் கஷ்டத்தைச் சாக்காக்குகிறார். இருவருக்கும் அடிப்படை ஒன்றே. அந்த அடிப்படையே தவறு என்பது என் வாதம். மின்னஞ்சலில் எளிமை என்பது பாதுகாப்பைக் கொடுத்து வாங்கும் சொகுசு அல்ல. அது பாதுகாப்பின் உறுப்பு. சாதாரண மனிதர் களைப்பிலும் அவசரத்திலும் பிழையில்லாமல் கையாள முடியாத ஒரு சேவையைப் பாதுகாப்பானது என்று அழைப்பதற்கே நியாயம் இல்லை.

இது செல்பேசித் தலைமுறையின் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் 1883-க்குப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஓகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் என்ற மொழி ஆசிரியர், பிரெஞ்சு ராணுவ இதழ் ஒன்றில் போர்க்கள ரகசியச் செய்திகளைப் பற்றி எழுதினார். நல்ல மறையாக்க முறைக்கு ஆறு நிபந்தனைகள் சொன்னார். இரண்டாவது நிபந்தனை உலகப் புகழ் பெற்றது: முறை முழுவதும் எதிரியின் கையில் சிக்கினாலும் கேடு வரக் கூடாது. கணினிப் பாதுகாப்பு படிக்கும் மாணவர்கள் எல்லாரும் இதைப் படிக்கிறார்கள். ஆறாவது நிபந்தனை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. முறை பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும், அதற்காக மூளையைக் கசக்கவோ நீண்ட விதிப்பட்டியலை மனத்தில் வைத்திருக்கவோ தேவைப்படக் கூடாது என்பதே அது. அதை அவர் ஒரு சலுகையாகச் சொல்லவில்லை. மற்ற ஐந்தோடு சரிசமமாக வைத்தார். செய்தியை மறைத்து அனுப்பப் போகிறவர் கணித மேதை அல்லர், குண்டுச் சத்தத்துக்கு நடுவே தந்தி அடிக்கும் சிப்பாய் என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் தானாகப் புரியும்.

இரண்டாம் உலகப் போர் அந்த ஆறாவது நிபந்தனைக்கு ரத்தசாட்சி. ஜெர்மனியின் எனிக்மா மறையாக்க இயந்திரம் கணித அளவில் மிக வலிமையானது. அதை இயக்கியவர்கள் ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக, ஒழுங்கற்ற எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சலிப்படைந்த சிலர் விசைப்பலகையில் அடுத்தடுத்திருந்த எழுத்துகளையும் வேண்டியவர்களின் பெயரெழுத்துகளையும் பயன்படுத்தினார்கள். பிரிட்டனின் மறையுடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் இருந்தவர்கள் உள்ளே நுழைவதற்கு அந்தச் சலிப்பும் ஒரு வழியானது. மனிதரிடம் எதிர்பார்க்கக் கூடாததை எதிர்பார்த்த வடிவமைப்பு, எதிரிக்கே கதவைத் திறந்துவிட்டது. 1975-இல் ஆய்வாளர்கள் சால்ட்ஸரும் ஷ்ரோடரும் கணினிப் பாதுகாப்புக்கான எட்டுக் கோட்பாடுகளை வகுத்தபோது, மனித மனத்துக்கு ஏற்புடையதாக இருத்தல் என்பதையும் ஒரு கோட்பாடாகச் சேர்த்தார்கள். ஆக, துறையின் இந்த முன்னோடிகள் தராசைப் பற்றிப் பேசவில்லை. தராசு பின்னால் வந்த பழக்கம்.

மின்னஞ்சலுக்கு வருவோம். 1991-இல் பில் சிம்மர்மன் பி.ஜி.பி. என்ற மென்பொருளை வெளியிட்டார். அரசுகளின் கையில் மட்டும் இருந்த வலிமையான மறையாக்கம் முதல்முறையாகச் சாதாரண மக்களின் கணினிக்கு வந்தது. அந்தச் சாதனையின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதற்காக அடுத்து நடந்ததை மறைக்க முடியாது. 1999-இல் ஆய்வாளர்கள் ஆல்மா விட்டனும் டைகரும் ஒரு சோதனை நடத்தினார்கள். மின்னஞ்சல் நன்றாகப் பழகிய, படித்த 12 பேரை அழைத்து, தேர்தல் பிரச்சாரக் குழு ஒன்றின் ரகசியத் திட்டத்தைப் பி.ஜி.பி. மூலம் சக ஊழியர்களுக்கு அனுப்பச் சொன்னார்கள். நேரம் 90 நிமிடம். சரியாகக் கையொப்பமிட்டு மறையாக்கம் செய்து அனுப்ப முடிந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். மூன்று பேர் ரகசியத்தை அப்படியே வெட்டவெளிச்சமாக அனுப்பிவிட்டார்கள்.

அந்த மூன்று பேரைப் பற்றித்தான் நாம் அதிகம் யோசிக்க வேண்டும். அவர்கள் மறையாக்கத்தை ஒதுக்கியவர்கள் அல்லர். கஷ்டப்படத் தயாராக இருந்தவர்கள், கஷ்டப்பட்டவர்கள். பாதுகாப்பாக அனுப்பத்தான் முயன்றார்கள். கருவியின் சிடுக்கு அவர்களை ஏமாற்றியது. "வசதியை விட்டுக்கொடுத்தால் தனியுரிமை கிடைக்கும்" என்ற வாக்குறுதிப்படி அவர்கள் வசதியை முழுவதுமாக விட்டுக்கொடுத்தார்கள், தனியுரிமை கிடைக்கவில்லை. தராசு உண்மையானால் இப்படி நடக்க வழியே இல்லை.

"அது பழைய காலம்" என்பார்கள். 2015-இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலாவியில் இயங்கும் புதிய பி.ஜி.பி. கருவி ஒன்றை வைத்து இதேபோன்ற சோதனையை நடத்தினார்கள். பத்து ஜோடிகள் கலந்துகொண்டன. ஒரே ஒரு ஜோடியால்தான் மறையாக்கம் செய்த மடலைப் பரிமாறிக்கொள்ள முடிந்தது. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகும் நிலை இதுதான் என்றால், குறையைப் பயனரின் தலையில் கட்டுவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இதே சிடுக்கால் உலகம் அறிய வேண்டிய செய்தி ஒன்று கைநழுவிப் போகப் பார்த்தது. 2012 டிசம்பரில், பின்னாளில் அமெரிக்காவின் கண்காணிப்பை அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்நோடன், தன் அடையாளத்தைக் காட்டாமல் பத்திரிகையாளர் க்ளென் க்ரீன்வால்டுக்கு எழுதினார். பாதுகாப்பாகப் பேச வேண்டும், பி.ஜி.பி. நிறுவுங்கள் என்று கேட்டார். படிப்படியான விளக்கமும், காணொளியும் கூட அனுப்பினார். க்ரீன்வால்டு கண்காணிப்பு அரசியலைப் பற்றியே எழுதிவந்தவர், அலட்சியக்காரர் அல்லர். அப்படிப்பட்டவரே அதை நிறுவாமல் தள்ளிப்போட்டார். கடைசியில் ஸ்நோடன், மறையாக்கம் ஏற்கெனவே கைவந்திருந்த ஆவணப்பட இயக்குநர் லாரா பாய்ட்ரஸைத் தேடிப் போனார். அதனால்தான் 2013 ஜூனில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் கண்காணிப்பு வெளியே வந்தது. பாய்ட்ரஸ் போன்ற ஒருவர் இல்லாதிருந்தால்? கஷ்டத்தைப் பெருமையாகப் பேசுபவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கடவுச்சொல் விஷயத்தில் இந்த மனப்பான்மை எவ்வளவு கேடு செய்தது என்பதற்கு ஒப்புதல் வாக்குமூலமே இருக்கிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் வேண்டும், அவ்வப்போது மாற்ற வேண்டும் என்ற விதி 2003-இல் எழுதப்பட்ட, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் வழிகாட்டியிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. நம் ஊர் வங்கித் தளம் வரை வந்தது. மக்கள் என்ன செய்தார்கள்? பழைய சொல்லின் கடைசியில் ஒன்றை இரண்டாக்கினார்கள், மறந்துவிடும் என்று திரை ஓரத்தில் ஒட்டிவைத்தார்கள். 2017-இல் அதே நிறுவனம் அந்த விதிகளைக் கைவிட்டது. எழுதியவரான பில் பர், தாம் சொன்னவற்றில் பலவற்றுக்காக வருந்துவதாகப் பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் கடவுச்சொல் மறந்த ஒவ்வொருவரும் தன்னையே நொந்துகொண்டார்.

இனி எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்றைப் பார்க்க வேண்டும். அதைத் தாண்டாமல் என் வாதம் நிற்காது. கனடாவின் ஹஷ்மெயில் 1999-இல் தொடங்கிய சேவை. உலாவியிலேயே மறையாக்கம், எளிமையான பயன்பாடு என்று பெயர் வாங்கியது. அதில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றில், ஜாவா நிரல் உங்கள் கணினிக்கு இறங்கி அங்கேயே மறையாக்கம் செய்யும். மெதுவானது, அடிக்கடி தகராறு செய்யும். மற்றதில், கடவுச்சொல் நிறுவனத்தின் சர்வருக்குப் போய் அங்கே வேலை நடக்கும், சுலபம். 2007-இல் தெரியவந்தது: நீதிமன்ற உத்தரவின்படி ஹஷ்மெயில், மூன்று கணக்குகளின் மடல்களைப் படிக்கக்கூடிய வடிவில் 12 சி.டி.க்களில் அமெரிக்கப் புலனாய்வாளர்களுக்காகக் கொடுத்திருந்தது. "பார்த்தீர்களா, வசதிக்குப் போனவர்கள் மாட்டிக்கொண்டார்கள்" என்று இன்றும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள்.

நிகழ்வு உண்மை. எடுக்கும் முடிவுதான் பிழை. ஹஷ்மெயில் பாதுகாப்பான வழியைக் கடினமாகவும் பாதுகாப்பற்ற வழியைச் சுலபமாகவும் அமைத்தது. இரண்டையும் ஒரே பெயரில், ஒரே நம்பிக்கையைக் கொடுத்து வழங்கியது. மனிதர்கள் எந்த வழியில் போவார்கள் என்பது அப்போதே தெரிந்த விஷயம். ஆகவே எளிமை யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பாதுகாப்பான வழி எளிமையாக இல்லாததே காட்டிக்கொடுத்தது. அந்த ஜாவா நிரலைச் சுமையில்லாமல் இயங்கவைத்திருந்தால் இரண்டாவது வழிக்கே தேவை இருந்திருக்காது.

இதைச் செய்ய முடியும் என்பது பிறகு நிரூபணமாயிற்று. 2016 ஏப்ரலில் வாட்ஸாப், சிக்னல் நெறிமுறையைப் பயன்படுத்தி, அனுப்புபவரும் பெறுநரும் மட்டுமே படிக்கக்கூடிய முனைக்கு முனை மறையாக்கத்தை நூறு கோடிப் பயனர்களுக்கும் இயக்கிவிட்டது. சாவி என்றால் என்ன என்று யாரும் படிக்க வேண்டியிருக்கவில்லை. காய்கறி விலை கேட்கும் மடலும் மருத்துவமனை ரிப்போர்ட்டும் ஒன்றுபோல் மூடப்பட்டன. யார் யாரோடு எப்போது பேசினார் என்ற விவரம் இன்னும் நிறுவனத்திடம் இருக்கிறது. அதில் எனக்கும் கடும் அதிருப்தி உண்டு. ஆனால் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை, பி.ஜி.பி. இருபத்தைந்து ஆண்டுகளில் எட்டாத மக்களை ஒரே மாற்றம் எட்டியது. அதில் யாரும் எந்த வசதியையும் துறக்கவில்லை.

மின்னஞ்சலில் இவ்வளவு சுலபமாக முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாட்ஸாப்பில் இரு முனையும் ஒரே நிறுவனத்துடையவை. மின்னஞ்சல் எந்த நிறுவனத்திலிருந்தும் எந்த நிறுவனத்துக்கும் போகும். அதன் அழகும் அதுதான், சிக்கலும் அதுதான். ஜெனிவாவின் புரோட்டான் மெயில், ஹனோவரின் டூட்டா ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்வோம். ஒரே சேவைக்குள் இருவர் எழுதிக்கொண்டால் சாவி உருவாக்கம், பரிமாற்றம், மறையாக்கம் எல்லாம் தானாக நடக்கும். நீங்கள் ஜிமெயில்காரருக்கு எழுதினால், தனியாகக் கடவுச்சொல் வைத்து அனுப்பாத வரையில், அந்த மடலின் ஒரு பிரதி அங்கே கூகுள் படிக்கக்கூடிய வடிவில்தான் இருக்கும். சேவையை மாற்றிவிட்டேன், இனி என் மடல்கள் எல்லாம் மூடியிருக்கும் என்று நம்புபவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் நண்பர்களும் உறவினர்களும் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் உங்கள் மடல்களின் பாதி இருக்கிறது. அவர்களையும் அழைத்து வர முடிகிற சேவைதான் உங்கள் தனியுரிமையைக் கூட்டும். அவர்கள் வருவதற்கு அது எளிமையாக இருந்தாக வேண்டும். எளிமை இங்கே நேரடியாக மறையாக்கத்தின் பரப்பளவையே தீர்மானிக்கிறது.

உண்மையான விலைகளும் இருக்கின்றன. அவற்றை மறைத்துப் பேசுவது வாசகருக்குச் செய்யும் துரோகம். சர்வரால் மடலைப் படிக்க முடியாது என்றால் சர்வரால் அதற்குள் தேடவும் முடியாது. பத்து ஆண்டு மடல்களில் ஒரு சொல்லைத் தேட உங்கள் கணினியோ போனோ அவற்றை இறக்கி, பிரித்து, பட்டியலிட வேண்டும். வேறு மென்பொருள் வழியாக மடல்களைப் பார்க்க உதவும் ஐமேப் வசதியை டூட்டா தருவதில்லை; தண்டர்பேர்டு பழகியவர் அதை விட்டுவிட வேண்டும். புரோட்டானில் அதற்கான பிரிட்ஜ் மென்பொருள் பணம் கட்டுபவர்களுக்கு மட்டும். தலைப்பு வரியை டூட்டா மறையாக்கம் செய்கிறது, புரோட்டான், பி.ஜி.பி. வழியில் போவதால், முனைக்கு முனை அதை மூடுவதில்லை. இவை எல்லாம் உண்மை. ஆனால் இவை பொறியியல் கடன்கள். ஒவ்வொன்றாக அடைபட்டு வருகின்றன. மடலின் உள்ளடக்கத்தைத் தேடும் வசதி புரோட்டானில் ஒரு காலத்தில் இல்லை, இன்று உலாவியிலேயே இருக்கிறது. தராசு இயற்கை விதியாக இருந்தால் இது சாத்தியமாகியிருக்காது.

ஒரு விலை மட்டும் அடைபடாது: கடவுச்சொல்லை மறந்தால் என்ன ஆகும் என்பது. நிறுவனத்திடம் சாவி இல்லை என்றால், மீட்புச் சொற்றொடரையும் தொலைத்தவருடைய பழைய மடல்களை யாராலும் திறக்க முடியாது. இறந்துபோன அப்பாவின் கணக்கில் இருக்கும் காப்பீட்டு விவரம் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போகலாம். இதைத்தான் சேவை தேர்ந்தெடுக்கும்போது நிதானமாக எடைபோட வேண்டும். மற்ற குறைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

எந்தத் தனியுரிமை என்று கேட்காமல் தனியுரிமையை மொத்தமாக ஒரு தட்டில் வைப்பதும் தராசின் கோளாறுதான். யாரிடமிருந்து மறைக்க வேண்டும்? விளம்பர நிறுவனத்திடமிருந்தா, திருடனிடமிருந்தா, வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒருவரிடமிருந்தா, அரசிடமிருந்தா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. 2021-இல் பிரெஞ்சுப் போலீஸ் கேட்டு, சுவிஸ் அதிகாரிகள் உத்தரவிட, புரோட்டான் ஒரு சூழலியல் போராளியின் ஐ.பி. முகவரியைப் பதிவுசெய்து கொடுத்தது. மடலின் உள்ளடக்கத்தைக் கொடுக்க அதனால் முடியவில்லை. 2020-இல் கொலோன் நகர நீதிமன்றம், அப்போது டூட்டனோட்டா என்று பெயர் கொண்டிருந்த டூட்டாவிடம், ஒரு கணக்குக்கு மறையாக்கமின்றி வரும் புதிய மடல்களைப் பிரதியெடுக்கச் சொன்னது. முனைக்கு முனை மூடப்பட்ட மடல்கள் அப்போதும் மூடியேதான் இருந்தன. 2024-இல் வெளிவந்த ஸ்பெயின் வழக்கில், கேட்டலோனிய விடுதலை இயக்க ஆதரவாளர் ஒருவர் தாமே கொடுத்திருந்த மீட்பு முகவரியைப் புரோட்டான் ஒப்படைத்தது. அந்த முகவரி ஆப்பிளுடையது, ஆள் யாரென்று அங்கிருந்து தெரிந்துவிட்டது.

மூன்றிலும் மறையாக்கம் உடையவில்லை. புரோட்டான் வழக்குகள் இரண்டிலும் ஆளின் அடையாளம்தான் வெளியானது. உள்ளடக்கத்தை மூடுவது வேறு, ஆளை மறைப்பது வேறு என்பதைச் சேவைகள் தங்கள் முகப்பிலேயே எல்லோருக்கும் புரியும் சொற்களில் சொல்லியிருக்க வேண்டும். மீட்பு முகவரியைக் கேட்கும் அதே இடத்தில், இதை நீதிமன்றம் கேட்டால் கொடுக்க நேரிடும் என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்த ஸ்பெயின்காரர் வேறு முடிவு எடுத்திருக்கலாம். அந்த ஒரு வரி எளிமையா, தனியுரிமையா? இரண்டும்தான்.

நம் ஊரில் பெரும்பாலோருக்கு ஆபத்து வரும் திசையே வேறு. தேர்வு விண்ணப்பத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் மெயில் ஐ.டி. வேண்டும் என்று பிரவுசிங் சென்டருக்கோ இ-சேவை மையத்துக்கோ போகிறவர்கள் ஏராளம். அங்கே இருப்பவரே கணக்கைத் தொடங்கி, கடவுச்சொல்லையும் தானே வைத்து, ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். அதே கடவுச்சொல்லை அடுத்த பத்துப் பேருக்கும் வைக்கிறார். மீட்பு எண்ணாகக் கொடுத்த சிம்முக்கு ரீசார்ஜ் நின்று, இணைப்பு துண்டிக்கப்பட்டு 90 நாள் கழிந்தால் அந்த எண் வேறொருவருக்குப் போகலாம். கணக்கின் சாவியும் அவரோடு போகிறது. இப்படிக் கணக்கு தொடங்கியவருக்குத் தனியுரிமை என்றால் கூகுள் படிக்கிறதா என்பது மூன்றாவது, நான்காவது கவலைதான். கணக்கு அவருடைய கையில் இருக்கிறதா என்பதே முதல் கவலை. கடவுச்சொல்லைத் தானே மாற்றத் தெரிவதும், கைரேகையாலோ திரைப்பூட்டாலோ நுழையவைக்கும் பாஸ்கீ போட்டுக்கொள்வதும், எந்தெந்தக் கருவியில் தன் கணக்கு திறந்திருக்கிறது என்று பார்க்கத் தெரிவதும் அவருக்கு எந்தச் சுவிஸ் சர்வரைவிடவும் பெரிய பாதுகாப்பு. இவை அத்தனையும் எளிமை சார்ந்த விஷயங்கள். தராசுக்காரர்கள் "வசதி" என்று மட்டமாகப் பேசுவது இவற்றைத்தான்.

தராசு இன்னொரு தீங்கும் செய்கிறது. அந்தரங்கத்தைத் தவம்போல ஆக்கினால், அதைச் செய்பவர்கள் மீது சந்தேகம் விழும். 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. பெற்றோர் பதறி ஓடினார்கள். மிரட்டல் பொய் என்று தெரிந்தது. புரோட்டான் கணக்கிலிருந்து வந்தது என்பதால் தமிழ்நாடு போலீஸ் கேட்டுக்கொள்ள, அந்தச் சேவையையே நாட்டில் தடுக்கும் பேச்சு மத்திய அரசு வரை போனது. 2025 ஏப்ரலில், ஒரு நிறுவனத்தின் பெண் ஊழியர்களை இழிவுபடுத்தும் மடல்கள் வந்த வழக்கில், புரோட்டானைத் தடுக்க நடவடிக்கை எடுக்கும்படி கர்நாடக உயர் நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தக் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் நேர்ந்தது கொடுமை. செய்தவர்களைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். ஆனால் ஒரு சேவையையே குற்றவாளியாகப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், அதைப் பயன்படுத்துவோர் சிறு கூட்டம் என்பதுதான். கணவரிடம் அடிபட்டு வழக்கறிஞருக்கு எழுதுபவரும், நோயை மறைக்க விரும்புபவரும், ஊழலை அம்பலப்படுத்தும் அரசு ஊழியரும் அந்தச் சிறு கூட்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள்.

இணையத்தில் அடையாளத்தை மறைக்கும் டோர் வலைப்பின்னலை உருவாக்கியவர்களில் இருவரான ரோஜர் டிங்கிள்டைனும் நிக் மேத்யூசனும் 2006-இலேயே இதை எழுதினார்கள். அடையாளம் மறைய வேண்டுமானால் கூட்டம் வேண்டும். கூட்டம் சேர வேண்டுமானால் கருவி எளிதாக இருக்க வேண்டும். ஆகவே கடினமான கருவி, கணித அளவில் எவ்வளவு வலிமையாக இருந்தாலும், பயனரைத் தனிமைப்படுத்திக் காட்டிக்கொடுக்கும். அந்தரங்கத்துக்காக வாழ்க்கையையே கொடுத்தவர்களின் வாதம் இது. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்த நாட்டில், அந்த உரிமை கணினி அறிவில் தேர்ச்சி பெற்றவருக்கு மட்டும் உரியது என்று நடைமுறையில் ஆக்கிவைப்பது அநீதி.

சரி, எதைத்தான் தேர்ந்தெடுப்பது? என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் என் மடலைப் படிக்கக் கூடாது என்பதே உங்கள் கவலை என்றால், புரோட்டானோ டூட்டாவோ இரண்டும் தகுதியானவை. நண்பர்களும் அலுவலகமும் வெவ்வேறு சேவைகளில் இருந்தால் புரோட்டான் பொருந்தும், பி.ஜி.பி. பயன்படுத்தும் வெளியாட்களோடும் அது பேசும். வீட்டார், சின்னக் குழு என்று எல்லாரும் சேர்ந்து நகர முடியும் என்றால் டூட்டா தலைப்பு வரி வரைக்கும் மூடித் தரும். இலவசக் கணக்கில் இடம் குறைவு என்பதையும், உலாவியைவிட நிறுவிய செயலி மேலானது என்பதையும் மனத்தில் வையுங்கள். உலாவியில் ஒவ்வொரு முறையும் நிரலை சர்வரே அனுப்புகிறது. அனுப்புபவரை ஒவ்வொரு முறையும் நம்ப வேண்டியிருக்கிறது. அரசோ பலம் மிக்க எதிரியோ உங்களைத் தேடுகிறார் என்றால் மின்னஞ்சலே சரியான கருவி இல்லை. அனுப்பியவர், பெறுநர், நேரம் ஆகியவற்றை மறைக்க அது உருவாக்கப்படவில்லை. கடவுச்சொல்லை அடிக்கடி மறக்கும் வயதான பெற்றோருக்கு, மீட்புத் தாளைப் பத்திரமாக வைக்க ஆள் இல்லாத நிலையில், ஜிமெயிலைப் பாஸ்கீயோடு பூட்டிக் கொடுப்பது தோல்வி அல்ல. சரியான தேர்வு அதுதான்.

தேர்வை முடித்ததும் ஒரு வாரம் உங்கள் அன்றாட மடல்களை அதில் நடத்திப் பாருங்கள். எரிச்சல் வந்து, முக்கியமான மடல்களைப் பழைய கணக்கிலிருந்தே அனுப்பத் தொடங்கினால், அந்தச் சேவை உங்களுக்குப் பாதுகாப்பு தரவில்லை. அதன் மறையாக்கத்தின் தரத்தால் அந்த உண்மை மாறாது.

விவரம் தெரிந்த நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அத்தையோ பக்கத்து வீட்டு மாணவியோ வந்து எந்த மெயில் நல்லது என்று கேட்டால், வசதியா தனியுரிமையா என்று அவர்களைத் தேர்வு எழுத வைக்காதீர்கள். யாரை நினைத்துப் பயப்படுகிறார்கள் என்று கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் கையாலேயே கணக்கைத் தொடங்கச் செய்யுங்கள். மீட்புச் சொற்றொடரைத் தாளில் எழுதச் சொல்லி, அதை எங்கே வைப்பது என்று பேசி முடிவெடுத்துவிட்டு, நீங்கள் அதைப் பார்க்காமல் எழுந்து வாருங்கள்.